வாரிசு வரி இல்லை என்றால் அப்பாவின் நிலத்துக்கும் கடைக்கும் வரியே இல்லையா?

2025 ஜூன் 8: கேட்கப்பட்டது

இந்தியாவில் வாரிசு வரி கிடையாது. தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைகளுக்குத் தானசெட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுத்தால் மொத்தச் செலவு 29,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆகவே நிலமோ தொழிலோ எதுவாக இருந்தாலும், அப்பா உயிருடன் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். உயில் என்பது வழக்கறிஞர்களுக்குச் சோறு போடும் ஏற்பாடு. இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

2025 ஜூன் 8, இரவு: என் பதில்

29,000 என்பது பழைய கணக்கு. 2023 ஜூலை 10 முதல் குடும்பத்தாருக்கிடையிலான செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்துவிட்டன. எனவே இன்றைக்கு 50,000 என்று சொல்ல வேண்டும்.

மற்றபடி உங்கள் கூற்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலேயே அப்பா 1988-இல் வாங்கிய 2 ஏக்கரை 2019-இல் தம்பிக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ஒரு ரூபாய்கூட வருமான வரி வரவில்லை. தம்பி இந்த மாதம் அதை விற்கிறான். நிலம் நகராட்சி எல்லையிலிருந்து 2.6 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அது கிராமப்புற விவசாய நிலம், ஆகவே விற்கும்போதும் வரி இல்லை.

2025 ஜூன் 9

50,000 என்பது உச்சவரம்புதான், கட்டணம் அன்று. இரண்டுமே வழிகாட்டி மதிப்பில், அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பில், 1 சதவீதம். 12 லட்சம் மதிப்புள்ள நிலத்துக்கு 12,000 தீர்வையும் 10,000 பதிவுக் கட்டணமும் சேர்த்து 22,000 ரூபாயில் முடிந்துவிடும். இன்னொன்று, உச்சவரம்பு ஒரு பத்திரத்துக்கு உரியது. இரண்டு பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பத்திரம் எழுதினால் இரண்டு முறை கட்ட வேண்டும்.

2025 ஜூன் 15

வரி இல்லை என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1953-இல் வந்த எஸ்டேட் டியூட்டி, இறந்தவரின் சொத்தின் மீது விதிக்கப்பட்டது. அதன் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. அதிலிருந்து தப்பிக்க உயிருடன் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், 1958-இல் நன்கொடை வரி வந்தது. முதலாவதை வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது 1985 மார்ச் 16 முதல் நீக்கினார்கள். இரண்டாவது 1998 அக்டோபர் 1 முதல் போயிற்று. சொத்து வரியென ஆண்டுதோறும் கட்டிவந்த செல்வ வரியை 2015 நிதிநிலை அறிக்கை நீக்கியது.

மூன்றும் போன பிறகு எஞ்சியிருப்பது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற பட்டியல் மட்டும்தான். 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகக் கிடைக்கும் சொத்தை வாங்குபவரின் வருமானமாகப் பார்க்கும் விதியிலிருந்து உறவினர் கொடுப்பது விலக்குப் பெறுகிறது. அந்த உறவினர் பட்டியலைத் தயாரித்தவருக்கு ஏதோ ஒரு மருமகன் மீது கோபம் இருந்திருக்க வேண்டும். தாய்மாமன் மருமகனுக்குக் கொடுத்தால் வாங்கும் மருமகனுக்கு வரி இல்லை, ஏனெனில் பெற்றோரின் உடன்பிறந்தவர் பட்டியலில் இருக்கிறார். அதே மருமகன் மாமனுக்குத் திருப்பிக் கொடுத்தால், உடன்பிறந்தவரின் பிள்ளை பட்டியலில் இல்லாததால், மாமன் வரி கட்ட வேண்டும். உயில் வழியாக வந்தால் எவர் எவருக்குக் கொடுத்தாலும் இந்த வரி கிடையாது.

பத்திரப்பதிவில் குடும்பம் என்பதற்கு வேறொரு, இதைவிடக் குறுகலான பட்டியல் இருக்கிறது. மாமன் மருமகனுக்கு எழுதினால் வருமான வரித்துறை உறவு என்று சொல்லும், சார்பதிவாளர் உறவில்லை என்பார். 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உச்சவரம்பின்றி விழும். வழிகாட்டி மதிப்பு ஒரு கோடி என்றால் 50,000 எங்கே, 9 லட்சம் எங்கே.

2025 ஜூலை 4

ஜூன் 8 அன்று நான் எழுதியதில் ஒரு பகுதி தவறு. தவறு என்பதைவிட, 10 லட்சம் ரூபாய் என்று சொல்வது பொருத்தம்.

கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தாகாது, அதை விற்றால் மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்தின் மீதான வரி, வராது என்ற விதி சரி. மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சியென்றால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் சரி. நான் மறந்துபோனது, இந்தத் தூரத்தை வான்வழியாக, அதாவது காக்கை பறக்கும் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பதை. சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போவதால் 2.6 கிலோமீட்டர், ஏரியின் மேல் கோடு போட்டால் 1.7 தான். அப்பாவின் நிலம் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் நகரத்து நிலம். விற்பனை ஜூன் 20 அன்று முடிந்துவிட்டது. ஆடிட்டர் வரைபடத்தைத் திறந்து அளந்து காட்டியபோது தம்பி ஏரியைத்தான் திட்டினான்.

2025 ஜூலை 5

கணக்கை முழுமையாக எழுதுகிறேன், ஏனெனில் செட்டில்மென்ட் எழுதினால் வரி இல்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

தானமாகவோ உயில் மூலமாகவோ வாரிசுரிமையாகவோ வந்த சொத்தைப் பிள்ளை விற்கும்போது, அவருக்கு அடக்கவிலை, அதாவது லாபம் கணக்கிட விற்ற விலையிலிருந்து கழிக்கும் விலை, பூஜ்யம் அன்று, கைக்கு வந்த நாளின் மதிப்பும் அன்று; முந்தைய உரிமையாளர் கொடுத்த விலைதான் அடக்கவிலை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால் அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நிலத்துக்கு அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. எங்கள் நிலத்துக்கு 2001-இன் மதிப்பு 4 லட்சம். விற்ற விலை 84 லட்சம். ஆதாயம் 80 லட்சம், 12.5 சதவீதம் என்றால் 10 லட்சம் வரி. சர்சார்ஜும் செஸ்ஸும் தனி.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்துக்கு, அடக்கவிலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையையும் ஒப்பிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். 2025-26 நிதியாண்டுக்கான குறியீடு 376, 2001-02-க்கு 100. தானமாக வந்த சொத்துக்குக் குறியீட்டை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்ற சண்டையில், முந்தைய உரிமையாளர் வைத்திருந்த காலத்திலிருந்தே என்று 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம் மஞ்சுளா ஷா வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே 4 லட்சம் 15.04 லட்சம் ஆகிறது, ஆதாயம் 68.96 லட்சம், 20 சதவீதத்துக்கு ஏறத்தாழ 13.79 லட்சம். எங்களுக்குப் புதிய முறையே மலிவு. 2001-இலிருந்து விலை சுமார் 8.4 மடங்குக்குக் குறைவாக ஏறிய நிலங்களுக்கு மட்டும் பழைய முறை மலிவாக வருகிறது. பேருந்து நிலையத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த ஊர்களில் அப்படிப்பட்ட நிலம் அபூர்வம்.

இப்போது திரும்பிப் பாருங்கள். 2019-இல் வரி இல்லை என்று பெருமூச்சு விட்டோமே, அந்த வரி எங்கும் போகவில்லை. அப்பாவின் பழைய விலையோடு ஒட்டிக்கொண்டு தம்பியின் பெயருக்கு மாறி, ஆறு ஆண்டுகள் பட்டாவில் உட்கார்ந்திருந்தது. அப்பா உயில் எழுதியிருந்தாலும் இதே 10 லட்சம்தான் வந்திருக்கும். ஆகவே செட்டில்மென்டா உயிலா என்ற கேள்விக்கும் இந்த வரிக்கும் தொடர்பே இல்லை.

2025 ஜூலை 6

வேறு விவசாய நிலம் வாங்கிவிட்டால் வரி இல்லையே என்று கேட்கப்பட்டிருக்கிறது. சரியான கேள்வி. விற்பனைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நிலம் விவசாயத்துக்குப் பயன்பட்டிருந்தால், விற்றபின் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கி விலக்குப் பெறலாம். அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது, உழுதவர் விற்பவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அவருடைய பெற்றோராகவும் இருக்கலாம் என்பது. ஆனால் அப்பா 2022 நவம்பரில் காலமானார். தம்பி பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அதற்குப் பிறகு நிலம் தரிசு. இரண்டே இரண்டு போகம் நிலக்கடலை போட்டு அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், ஏற்றியிருந்தால் போதும்.

2025 ஜூலை 19

தொழிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நிலம் என்றால் பேசுகிறோம், கடை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம்.

எங்கள் எண்ணெய் மில் அப்பாவின் தனிப்பெயரில் நடந்தது. 2019-இல் தம்பிக்கு நிலம் எழுதும்போதே மில்லை மகளாகிய என் பெயருக்கு எழுதிவிடுங்கள் என்று பத்திர எழுத்தர் சொன்னபோது, அப்பா, கல்லாப்பெட்டிச் சாவி என் இடுப்பில் இருக்கும்வரைதான் எனக்கு இந்த வீட்டில் முதல் காபி என்று சொல்லி மறுத்துவிட்டார். அதற்கு மட்டும் உயில் எழுதினார். அன்று எனக்கு வருத்தம். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மறுப்பு எவ்வளவு பணத்தைக் காப்பாற்றியது என்று தெரிந்தது.

கொரோனா ஆண்டுகளில் மில்லுக்குப் பெரிய நட்டம். தொழில் நட்டத்தைப் பிந்தைய எட்டு ஆண்டுகள் வரை லாபத்தில் கழிக்கலாம். ஆனால் தொழில் கைமாறினால் அந்த நட்டம் பழைய உரிமையாளரோடு நின்றுவிடும். எங்களுக்கு உதவிய விதிவிலக்கு, வாரிசுரிமையாகத் தொழில் வந்து சேர்வது. அப்பா உயிருடன் இருக்கும்போது மில்லை எனக்குத் தானமாக எழுதியிருந்தால், என் லாபத்தில் அவருடைய நட்டத்தைக் கழித்திருக்க முடியாது. அவர் இறந்தபின் வந்ததால் கழிக்க முடிந்தது. எழுதி வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்ற கூற்றுக்கு நேர் எதிராக இருக்கும் உதாரணம் இது. ஜூன் 8 அன்று நான் அதை ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வாரிசாக வந்தால் எல்லாம் சுகம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிஎஸ்டி பதிவு ஆளின் பான் எண்ணோடு கட்டப்பட்டது, ஆள் போனால் பதிவும் போயிற்று. நான் புதிதாகப் பதிவு எடுத்து, அப்பாவின் கணக்கில் மீந்திருந்த உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய வரியை) ஐடிசி-02 படிவத்தில், ஆடிட்டர் சான்றிதழுடன் மாற்ற வேண்டியிருந்தது. சில வாரங்களில் முடியவேண்டிய இந்த வேலை, இறப்புச் சான்றிதழில் அப்பாவின் முன்னெழுத்து வேறாக இருந்ததால் ஐந்து மாதம் இழுத்தது. அந்த ஐந்து மாதமும் கொப்பரை வாங்கிய இடத்தில் வரி கட்டினேன், வரவு மட்டும் கைக்கு வரவில்லை. அப்பாவின் வரி பாக்கிக்கும் வாரிசு பொறுப்பு. வருமான வரியில் அது கைக்கு வந்த சொத்தின் மதிப்பளவோடு நிற்கும் என்பது ஓர் ஆறுதல்.

எந்திரத் தேய்மானத்தைப் பற்றியும் ஒரு வரி: எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் எந்திரம் என் கைக்குப் புதிய விலையில் வராது, அப்பா தேய்மானம் கழித்தது போக மீதியுள்ள மதிப்பில்தான் வரும். நிலத்துக்குச் சொன்ன அதே தத்துவம்.

2025 ஜூலை 20

கூட்டுத் தொழிலாக இருந்தால்? அப்பாவும் பிள்ளையும் பங்குதாரர்களாகச் சேர்ந்துகொண்டு, பிறகு அப்பா விலகிக்கொள்வது நல்ல வழி என்று பலரும் சொல்வார்கள். 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு கவனம் தேவை. விலகும் பங்குதாரர் தம் முதலீட்டுக் கணக்கில் உள்ளதற்கு மேல் பணமோ சொத்தோ எடுத்துக்கொண்டு போனால், நிறுவனத்தின் கையில் வரி விழும். ஒன்றும் எடுக்காமல் போகும் அப்பாக்களுக்கு இந்தக் கவலை இல்லை.

2025 ஆகஸ்ட் 3

பூர்வீகச் சொத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. எங்களுக்குத் தாத்தாவிடமிருந்து வந்த 3 ஏக்கர் வேறு இருக்கிறது. அது பூர்வீகம், ஆகவே அப்பா தனியாகச் செட்டில்மென்ட் எழுத முடியாது, எனக்கும் தம்பிக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று நாங்கள் நம்பி, பாகப் பிரிவினைக்காகக் காத்திருந்தோம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. மத்தியச் சட்டம் 2005-இல்தான் வந்தது.

2025 ஆகஸ்ட் 5

மேலே எழுதியதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டினேன்; சட்டம் சரி, உங்கள் சொத்துதான் பூர்வீகம் இல்லை என்றார். தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல், இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு இறந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்தாகவே வந்து சேரும். பேரப்பிள்ளைக்குப் பிறப்புரிமை கிடையாது. 1986-இல் உச்ச நீதிமன்றம் சந்தர் சென் வழக்கில் இதைத் தீர்த்தது. அதுவும் ஒரு செல்வ வரி வழக்குதான், அதுவும் ஒரு குடும்பத் தொழிலில் அப்பா விட்டுச்சென்ற பணத்தைப் பற்றியதுதான். தாத்தா கொடுத்தது எல்லாம் பூர்வீகம் என்ற நம்பிக்கையில் நாங்கள் நான்கு ஆண்டுகள் பத்திரம் போடாமல் இருந்தோம். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை; ஏரியை மறக்கட்டும்.

2025 ஆகஸ்ட் 24

எழுதி வாங்கிய பிறகு பெற்றோரின் கதி என்ன என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். இதுவரை எழுதிய வரிக் கணக்குகளைவிட இது பெரிய கேள்வி. செட்டில்மென்ட் எழுதி, பதிந்து, ஒப்படைத்த பிறகு, மனம் மாறிவிட்டது என்று சார்பதிவாளரிடம் போய் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பிள்ளை பராமரிக்காதபோது செல்லாததாக்க வழி தருகிறது. நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பில், சட்டத்தை முதியவருக்கு ஆதரவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் எந்தத் தீர்ப்பையும் தேட வேண்டாம். ஆயுள்கால அனுபோக உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டும் எழுதலாம். ஆனால் உரிமை உடனே பிள்ளைக்குப் போகிறது என்ற வாசகம் இருக்க வேண்டும். என் காலத்துக்குப் பின் சேரும் என்று மட்டும் எழுதினால், தலைப்பில் செட்டில்மென்ட் என்று இருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகவே படிக்கும்.

மனைவி பெயருக்கோ மருமகள் பெயருக்கோ எழுதினால் வரி குறையுமா என்பதற்கு: குறையாது. அந்தச் சொத்திலிருந்து வரும் வருமானம் கொடுத்தவரின் கணக்கிலேயே சேரும். மைனர் பிள்ளைக்கும் ஏறத்தாழ அப்படித்தான், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் தலையில் ஏறும். மேஜரான பிள்ளைக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

புதிய வருமான வரிச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்கள் எல்லாம் மாறும். இதுவரை வருமான வரிப் பிரிவு எண்களைச் சொல்லாமல் எழுதியதை என் தொலைநோக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு எண்கள் நினைவில் நிற்பதில்லை.

2025 செப்டம்பர் 14

இலண்டனில் உள்ள உறவினர், அங்கே விவசாயிகள் டிராக்டரோடு தெருவுக்கு வந்தார்கள், இங்கே நீங்கள் 10 லட்சத்துக்கு அழுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறார். பிரிட்டனில் பண்ணைக்கும் குடும்பத் தொழிலுக்கும் வாரிசு வரியில் 1992 முதல் முழு விலக்கு இருந்தது. 2026 ஏப்ரல் 6 முதல் 10 லட்சம் பவுண்டு வரைதான் முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு, அதாவது நடைமுறையில் 20 சதவீதம் என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: அங்கே ஒருவர் இறந்ததும் அடக்கவிலை அன்றைய சந்தை மதிப்புக்கு ஏறிவிடும். மறுநாளே விற்றால் மூலதன ஆதாயம் ஏறக்குறைய இல்லை. அங்கே சாவின்போது கேட்கிறார்கள், பழைய விலையை மறந்துவிடுகிறார்கள். இங்கே சாவின்போது கேட்பதில்லை, பழைய விலையை மறப்பதும் இல்லை. பணமாக மாறும் நாளில் மட்டும் வரி கேட்பதால், உழுதுகொண்டே இருப்பவருக்கு இங்குள்ள முறைதான் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பவருக்கு எது மேல் என்பதைத் தம்பியிடம் கேட்க வேண்டும்.

2025 டிசம்பர் 16

நிலம் விற்ற லாபத்தைப் போட்டால் அந்த அளவுக்கு வரி விலக்குத் தரும் ஆர்.இ.சி. நிறுவனக் கடன் பத்திரங்களில் தம்பி 50 லட்சம் போட்டுவிட்டான். நிலம் விற்ற ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாது, உச்சவரம்பு 50 லட்சம். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது போட்டான். ஆக 80 லட்சத்தில் 30 லட்சத்துக்குத்தான் வரி, 3.75 லட்சம், அதன் மீதான செஸ் தனி. பத்திரத்தின் வட்டி வரிக்கு உட்பட்டது.

2026 ஜனவரி 2

செப்டம்பரில் பிரிட்டனைப் பற்றி எழுதியதில் ஓர் எண் பழசாகிவிட்டது. டிசம்பர் 23 அன்று அந்த அரசு 10 லட்சம் பவுண்டு வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்துவதாக அறிவித்துவிட்டது. உறவினர் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

தாத்தாவின் 3 ஏக்கருக்கு வழக்கறிஞர் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நிலம் எந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று இந்த முறை நானே வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன்: நேர்கோட்டில் 9 கிலோமீட்டர். இந்த மாதம் உளுந்து விதைத்தாயிற்று, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

மில் விஷயமாக என் மகள் நேற்றுக் கேட்டாள், என் பெயருக்கு எப்போது எழுதுவாய் என்று. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.